எப்படி எரியவில்லை?

எரியவில்லை என்று சொல்லி ஒரு விளக்கை அவர் மேசையில் வைத்தால் அதைத் தொடமாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எப்படி எரியல?" என்பார்.

புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் குழம்பிப்போவார்கள். எரியாததில் எப்படி என்று என்ன இருக்கிறது? சும்மா எரியலக்கா என்று சொல்லிவிட்டு நகரப் பார்ப்பார்கள். அவர் விளக்கைத் திருப்பித் தள்ளிவிடுவார். "சும்மா எதுவும் எரியாம இருக்காதும்மா. சுவிட்ச் போட்டப்ப அது இன்னா பண்ணுச்சு, அத்த சொல்லு. பாக்கலன்னா போய்ப் பாத்துக்கினு வா."

ரேணிகுண்டா தாண்டி ஒரு எல்இடி விளக்குக் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் ஒரு பஸ் நிறையப் போவோம். நான் ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் லைனில். அவர் ரிப்பேர் மேசையில். நான் அவரை யக்கா என்பேன், அவரும் என்னை யக்கா என்பார். யார் பெரியவர் என்பது கடைசிவரை தீரவில்லை. அதைத் தீர்க்க வயது சொல்லவேண்டும், அதற்கு அவர் தயாரில்லை. முகத்தில் பவுடர் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தலையில் பூ இல்லாமல் வந்ததில்லை. கம்பெனியில் எல்லோரும் துணித் தொப்பி போடவேண்டும் என்பதால், பூவை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். தொப்பி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். சூப்பர்வைசர் பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

விளக்குக்குள்ளே டிரைவர் என்று ஒரு சின்ன போர்டு இருக்கும். வீட்டுக் கரண்டை எல்இடிக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சாப்பாட்டு நேரத்தில் பேசியதுதான். சுவிட்ச் போட்டதும் போர்டு வேலை செய்துவிடாதாம். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, ஒரு கெப்பாசிட்டர் நிறையவேண்டும். நிறைந்தால்தான் ஐசி விழிக்கும். விழித்தபிறகு அதற்கு வேண்டியதை அதுவே டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த ரெசிஸ்டரின் தயவு வேண்டியதில்லை. இத்தனையும் கண் இமைக்கிற நேரத்தில் நடந்து முடிந்துவிடும். "எல்லாக் கோளாறும் அந்த முதல் நிமிசத்துலதான் கீது. அத்த யாரும் பாக்கறதில்ல. எரிஞ்சா சந்தோசம், எரியலன்னா குப்ப" என்பார்.

எரியாதவற்றுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். எந்த அசைவும் இல்லாதது 'கல்லு'. ஒருமுறை மினுக்கென்று காட்டிவிட்டு அணைந்தால் 'எட்டிப்பாத்தது'. மினுக் மினுக் என்று விழித்து விழித்துத் தூங்கினால் 'விக்கல்'. நெடுநேரம் யோசித்துவிட்டுப் பிறகு எரிந்தால் 'மாப்பிள்ளை'. கல்லுக்குத் தனித் தட்டு, விக்கலுக்குத் தனித் தட்டு. மாப்பிள்ளையைத்தான் அவர் கொஞ்சமும் நம்பமாட்டார். எரிகிறதே என்று அதை நல்ல விளக்குகளோடு சேர்த்துவிட்டால் கோபம் வந்துவிடும். கொஞ்ச நாளில் லைனில் எல்லோரும் அந்தப் பெயர்களையே சொல்ல ஆரம்பித்தோம். தெலுங்குப் பெண்களும் 'விக்கல்' என்றே சொன்னார்கள்.

விளக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நல்லது. அவருக்கு அது முடியவில்லை.

ஒருநாள் காலையில் கம்பெனி பஸ் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் லேட்டானால் அரைநாள் போய்விடுமே என்று பேசிக்கொண்டிருந்தோம். இவர் மட்டும் முன்னால் போய் நின்று, சாவி போட்டபோது சத்தம் வந்ததா, வந்து நின்றதா, வரவே இல்லையா என்று கேட்டார்.

"ஏம்மா, இது பல்பு இல்ல, பஸ்ஸு" என்றார் டிரைவர்.

"பல்புன்னு நான் சொன்னனா? சத்தம் வந்துச்சான்னுதான கேட்டேன்."

"நீ வந்து உக்காந்து ஓட்டேன். நான் போயி உன் டேபிள்ல குந்திக்கினு பூ வச்சிக்கறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சீட்டுக்குத் திரும்பவில்லை. பதில் வரும்வரை அங்கேயே நின்றார்.

இன்னொரு தடவை சிரிக்க முடியவில்லை. எங்கள் லைனில் புத்தூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள், கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வீட்டுக்காரர் தன்னோடு பேசுவதே இல்லை என்று ஒருநாள் சாப்பிடும்போது அழுதுவிட்டாள். நாங்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னோம். இவர் டப்பாவை மூடிவைத்துவிட்டு, எப்படிப் பேசுவதில்லை என்று கேட்டார். போட்ட சோற்றைத் துன்னுகிறானா, எழுந்து போய்விடுகிறானா, வாயைத் திறந்து ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொள்கிறானா. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "என்னை எந்தத் தட்டுல போடலாம்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பல நாள் அவரோடு பேசவில்லை. இவருக்குத் தான் செய்த தப்பு என்னவென்று புரிந்ததாகவும் தெரியவில்லை. "நான் கேக்காம எப்படி சொல்லுவேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை. பத்தாவதோடு நின்றவள், நாலு பேருக்கு நடுவில் வாய் எழாது. கம்பெனியில் என் குரலைக் கேட்காதவர்களே அதிகம்.

ஒரு கோடைகாலத்தில் அவருக்கு ஒரு பெருமை கிடைத்தது. ஓயாமல் எரிய விட்டுச் சோதிக்கும் ரேக்கில் இருந்த விளக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த முதல் ரெசிஸ்டருக்குக் கீழே போர்டு பழுப்பாகிக் கருகியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அது ரொம்பச் சுடுகிறது, கொஞ்சம் பெரிய மதிப்பில் போட்டால் கரண்ட் குறைவாகப் போகும், சுடாது என்று இஞ்சினியரிடம் சொன்னார். இஞ்சினியர் சித்தூர்க்காரர், சின்ன வயது, நல்ல மாதிரி. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டார். அப்படி மாற்றியதும் போர்டு கருகுவது நின்றுவிட்டது. கேன்டீனில் எல்லோரையும் நிற்கவைத்துக் கைதட்டினார்கள். மேனேஜர் கையால் அவருக்கு ஒரு குக்கர் கொடுத்தார்கள். அன்றைக்குப் பூவைத் தொப்பிக்குள் வைக்காமல் வெளியில் விட்டிருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப்பிறகு சில மாதம் கழித்து ராமகுப்பம் பக்கமிருந்து விளக்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. அங்கே பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைகளுக்கு எங்கள் குழல்விளக்கு நிறையப் போயிருந்தது. சித்தூர் டீலர் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே மேசையில் வைத்து சுவிட்ச் போட்டால் எல்லாம் எரிந்தன. பேனாவால் தட்டிப் பார்த்தார்கள், எரிந்தன. பிரித்துப் பார்த்ததில் சிலவற்றில் சால்ட்ரிங் மங்கலாக இருந்தது. அது போதுமாக இருந்தது. சால்ட்ரிங் சரியாகப் பிடிக்கவில்லை, வண்டியில் ஆடிப்போய்க் கோளாறாகிறது என்று மேனேஜர் முடிவுக்கு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் லைனை நிறுத்திவிட்டு வேறு ஆட்களை எடுப்பதாகச் சொன்னார்கள்.

லைனில் இருந்தவர்கள் எல்லோருக்கும் வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. அது போனால் மாங்காய்க் காலத்தில் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகலாம், மற்ற மாதங்களில் அடுத்தவர் கொல்லையில் களை பிடுங்கலாம். எல்லோரும் அழுதார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லவே இல்லை.

இவர் அழுகிற கூட்டத்துக்கு வரவில்லை. திரும்பி வந்த பெட்டிகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிறகு இஞ்சினியரிடம் போய், இங்கே எரிகிறதைப் பார்த்து என்ன பயன், அங்கே எப்படி எரியவில்லை என்று அங்கே போய்த்தான் கேட்கவேண்டும் என்றார். இஞ்சினியர் எப்படியோ பேசி பஸ் சார்ஜ் வாங்கிக் கொடுத்தார். பெண்கள் தனியாகப் போகக்கூடாது, துணைக்கு ஒரு ஆளை அழைத்துப் போகலாம் என்றார்கள். அவர் என்னைக் காட்டினார். ஏன் நான் என்று பஸ்ஸில் கேட்டேன். "நீ பேசமாட்ட. பேசாதவங்கதான் பாப்பாங்க" என்றார்.

சித்தூர், பலமனேர் என்று மாறி மாறிப் போய் ராமகுப்பம் தாண்டி அந்தக் கொட்டகைக்குச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டகைக்காரரின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் தண்ணீரில் கை கால் கழுவச் சொன்னார். பிறகு இவரை ஏற இறங்கப் பார்த்து, "பூவ எடுத்துடும்மா. மூஞ்சியும் கழுவிக்கோ. பவுடர் வாசன அடிச்சா என் புழு இல தின்னாது" என்றார். இவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என்றாலும் பூவை எடுத்து வேலிக் குச்சியில் மாட்டிவிட்டு, பம்புத் தண்ணீரில் முகத்தைத் தேய்த்துக் கழுவினார். பவுடர் இல்லாமல் அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

இருட்டத் தொடங்கியதும் அந்த அம்மா சுவிட்ச் போட்டார். ஒன்றும் எரியவில்லை. செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு அடுக்குகளில் மல்பெரிக் கிளைகளைப் பரப்ப ஆரம்பித்தார். பல விளக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இவையும் இப்படித்தான் என்றார். எப்படி எரியவில்லை என்று இவர் கேட்டார். "எரியலன்னா எரியல. அதுல கத வேற சொல்லணுமா?" என்று டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார் அந்த அம்மா.

இவர் மீட்டர் பெட்டியைப் பார்க்க வெளியே போனார். நான் உள்ளேயே ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். புழுக்கள் இலை தின்கிற சத்தம் தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே பக்கத்து நிலத்து போர்வெல் மோட்டரின் சத்தம். அந்த மோட்டர் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. பிறகு எல்லாமே எரிந்தன.

இவர் உள்ளே ஓடிவந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"மோட்டர் மொதல்ல நின்னுச்சா, லைட்டு மொதல்ல எரிஞ்சுச்சா?"

"மோட்டர்தான் மொதல்ல."

"கேட்டியா, நெனைக்கறியா?"

"கேட்டேன்."

பக்கத்து நிலத்துக்காரரிடம் போய்க் கெஞ்சி மோட்டரை மறுபடி போடச் சொன்னார். எரிந்துகொண்டிருந்த விளக்குகள் அணையவில்லை. ஒரு சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டார். அந்த விளக்கு மட்டும் எரியவில்லை. மோட்டரை நிறுத்தச் சொன்னார், எரிந்தது. அந்த அம்மாவே இலை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோசப்பட்டேன். இது சால்ட்ரிங் இல்லை என்று எனக்கே புரிந்துவிட்டது. மோட்டர் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது, இறங்கினால் விளக்கு விழிப்பதில்லை. இவர் முகத்தில் மட்டும் சந்தோசம் இல்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டிலேயே படுத்தோம். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சித்தூர் பஸ்ஸில் பலமனேர் தாண்டியபிறகுதான் பேசினார். "கரண்டு கொறைவா வர்றப்ப, அந்த ரெசிஸ்டர் பெரிசா இருந்தா கெப்பாசிட்டர் எப்படி ரொம்பும்? பழையது இருந்திருந்தா ரொம்பியிருக்கும். பெரிசா போடச் சொன்னது நான்தானே." நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் இஞ்சினியர் காதில் மட்டும் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜர் அறையில் எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். மேனேஜர் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், தலையில் இன்னும் சந்தனம் இருந்தது. இவர் தெலுங்கில் நடந்ததைச் சொன்னார். ரெசிஸ்டரை மாற்றச் சொன்னது தான் என்றும், இந்தப் பெண்கள் கொடுத்ததைத்தான் வைத்தார்கள் என்றும் சொன்னார்.

மேனேஜர் நம்பவில்லை. அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர் தன் ஊர்ப் பெண்களைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று சொன்னார். நீ செய்த மாற்றம் நல்ல மாற்றம், அதற்குத்தானே பரிசு கொடுத்தோம், போய் வேலையைப் பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் அப்போதும் நகரவில்லை. என் பக்கம் திரும்பினார். "இவங்கதான் பாத்தாங்க. இவங்கள கேளுங்க" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்து, "நுவ்வு சூசாவா?" என்று கேட்டார். நீ பார்த்தாயா என்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தேன் என்று சொன்னால் எங்களுக்கு வேலை மிஞ்சும், அவருக்கு எது மிஞ்சும் என்று தெரியாது. பார்க்கவில்லை என்று சொன்னால் அவருக்கு மேசையும் குக்கரும் பேரும் அப்படியே இருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஒரு விளக்குக்கு சுவிட்ச் போட்டுவிட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

"சூசானு சார்" என்றேன். "மோட்டர் ஆகிந்தி. தரவாத்த லைட் வெலிகிந்தி." மோட்டர் நின்றது, அதற்குப்பிறகு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் சொன்னேன்.

இஞ்சினியர் எழுந்து வெளியே போய், குமிழைத் திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேனேஜர் மேசைமேலேயே வைத்து ஒரு விளக்கைப் பொருத்தினார். குமிழைக் குறைத்து வைத்துவிட்டு சுவிட்ச் போட்டார். எரியவில்லை. இவர் அந்த விளக்கைப் பிரித்து, பழைய மதிப்பு ரெசிஸ்டரை வைத்து சால்ட்ரிங் செய்தார். அதே அளவில் சுவிட்ச் போட்டார்கள். எரிந்தது. "நேனு கூட சைன் பெட்டானு சார்" என்று இஞ்சினியர் மெதுவாகச் சொன்னார், நானும் கையெழுத்துப் போட்டேன் என்று. மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை.

எங்கள் லைன் தப்பித்தது. அவரை ரிப்பேர் மேசையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அங்கே விளக்கை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டவேண்டும், சுவிட்ச் போடக்கூடாது. ஒப்பந்தம் முடியும்வரை அதைச் செய்தார். பிறகு சித்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ரெசிஸ்டர் சுடுகிற பிரச்சினைக்கு இஞ்சினியர் வேறு வழி செய்தார். இரண்டு ரெசிஸ்டரைப் பக்கம் பக்கமாக வைத்துச் சூட்டைப் பங்குபோட வைத்தார். அதைக் கேட்டு இவர், "இது எனக்குத் தோணல பாரு" என்று மட்டும் சொன்னார்.

அவர் இன்னும் பேக்கிங்கில் இருந்தபோது, திருத்திய முதல் பெட்டிகள் ராமகுப்பம் போய்ச் சேர்ந்த அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். புத்தூர் வரப்போகிற நேரம். இவர் போன் அடித்தது. கொட்டகைக்கார அம்மா. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். புது விளக்கு மாட்டியாயிற்று, எல்லாம் நல்லா எரிகிறது என்றார் அந்த அம்மா. பஸ்ஸில் பாதிப்பேர் கைதட்டிவிட்டார்கள்.

இவர் கையைக் காட்டி அடக்கினார். "பக்கத்துக் கொல்லையில மோட்டர் ஓடுதாம்மா இப்ப?"

"இல்ல. இன்னும் போடல."

"அப்ப நல்லா எரியுதுன்னு சொல்லாத. மோட்டர் போட்ட பெறவு அணைச்சிட்டுப் போட்டுப் பாரு. பாத்துட்டு சொல்லு."

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் புத்தூரில் நின்று கிளம்பியது. நாராயணவனத்தில் இறங்கவேண்டிய பெண்கள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார்கள். டிரைவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். நின்றவர்களில் ஒருத்தியும் இறங்கவில்லை. அந்தப் புத்தூர்ப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள், அவள் ஊர் தாண்டியே நேரமாகிவிட்டிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் மறுபடி அடித்தது. இவர் ஸ்பீக்கரில் போட மறந்து காதில் வைத்துக்கொண்டார். என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "ம்" என்றார். பிறகு "எத்தன வாட்டி போட்ட?" என்றார். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிம்மா, புழுவப் பாரு" என்று சொல்லி வைத்தார்.

"இன்னாக்கா?" என்று படிக்கட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எரியுது" என்றார் அவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பவுடரெல்லாம் அதில் வந்துவிட்டது. "எறங்குங்கடி, நேரமாவுது."